மணியில்லாச் செட்

ஐம்பத்தேழாம் ஆண்டு முல்லைத்தீவுப் பட்டினத்தில் ஐந்து சைக்கிள்களுக்கு மணி இல்லாமற் போனது. களவு ஒன்றும் போகவில்லை, உடையவர்களே கழற்றினார்கள். மணியோடு மட்காட்டையும் கழற்றிக் கடாசிவிட்டு, கைப்பிடியைக் கீழ்நோக்கித் திருப்பி மாட்டிக்கொண்டு, ஐந்து பெடியன்கள் கடைத்தெருவை நாளுக்கு மூன்று தரம் வலம் வந்தார்கள். யாராவது குறுக்கே வந்தால் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில். சந்தைக்குப் போன பெண்கள் துள்ளி விழுந்து, "கட்டையில போவான்கள்" என்று திட்டினார்கள். ஊர் அவர்களுக்கு "மணியில்லாச் செட்" என்று பேர் வைத்தது. வசவாக வைத்த பேரை அவர்கள் பட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

செட்டைத் தொடங்கியவன் இராயப்பு. வயது இருபது, சைக்கிள் திருத்தும் கடையில் வேலை. பிறந்தது கடற்கரைக் குடிசையில்; ஆனால் படக்கொட்டகை அவனைக் கெடுத்துவிட்டது என்று தாய்க்காரி கோயிலில் அழுவாள். நெற்றியில் ஒரு சுருட்டை மயிர் விழவேண்டும், சட்டைக்கையை இரண்டு மடிப்புக்கு மேல் மடிக்கக்கூடாது, கழுத்தில் சிவப்புக் கைலேஞ்சி கட்டியிருக்கவேண்டும் என்பதெல்லாம் அவன் போட்ட சட்டங்கள். பிழைப்புக்கு உதவாத சட்டங்கள்தான். ஆனால் பதினாறு பதினேழு வயதில் அதைவிடப் பெரிய சட்டம் உலகத்தில் கிடையாது.

கடைசியாகச் சேர்ந்தவன் மத்தேயு. அவனுக்குப் பதினேழு வயது. தகப்பன் கடலில் போய் நாலு வருஷம். சைக்கிள் தகப்பன் விட்டுப்போனது. அவனைச் சேர்த்த அன்று செட் முழுவதும் நந்திக்கடல் ஓரத்தில் கூடி நின்றது. இராயப்பு குறடெடுத்து மணியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தான். "எறியடா" என்றான். மத்தேயு கையை ஓங்கி எறிந்தான். மணி தண்ணீரில் விழுவதற்கு முன் வெயிலில் ஒருதரம் மின்னியது. நாலு பேரும் ஒரேயடியாக விசிலடித்தார்கள். தகப்பன் போனதிலிருந்து யாருடையவனும் இல்லாமல் அலைந்தவனுக்கு அன்றைக்குத் தலை கால் தெரியவில்லை. இரவு படுக்கையிலும் லேஞ்சியை அவிழ்க்கவில்லை.

மத்தேயுவின் தாய் மார்கிறட் மேற்குக் கரையிலே, சிலாபத்துக்கு அங்காலே பிறந்த சிங்களத்தி. அந்தப் பக்கம் தொழிலுக்குப் போன தகப்பன் ஒரு கோயில் திருநாளில் கண்டு, ஆசைப்பட்டு, கட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் இரண்டு பாஷையும் புழங்கியது. கொஞ்சுவதற்கும் ஏசுவதற்கும் அவளுக்குச் சிங்களம்தான் வரும். மற்ற எல்லாவற்றுக்கும் தமிழ். ஊருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்ததை ஒருவரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவள் புளிப்பாக வைக்கிற அம்புல்தியல் மீன்கறியை வாங்கித் தின்னாத வீடு அந்த ஒழுங்கையில் இல்லை.

ஐம்பத்தெட்டு வைகாசியில் தெற்கே கலவரம் வெடித்தது. அடிபட்ட தமிழரைக் கொழும்பிலிருந்து கப்பலில் கொண்டுவந்து காங்கேசன்துறையில் இறக்கினார்கள். அவர்கள் சொன்ன கதைகள் லொறியிலும் பஸ்ஸிலும் ஏறி வன்னிக்கும் வந்து சேர்ந்தன. மார்கிறட் அடுத்த நாளே வாயை மாற்றிக்கொண்டாள். ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் மாற்றிக்கொண்டாள். வீட்டுக்குள்ளே, கதவைச் சாத்திக்கொண்டும்கூடத் தமிழ்தான். மகன் வாய்தவறி ஒரு சிங்களச் சொல் சொன்னால் விரலை உதட்டில் வைப்பாள். அப்படி வைக்கும்போது அவள் கண் ஒழுங்கைப் பக்கம் போகும். அதைப் பார்க்க மத்தேயுவுக்கு ஆத்திரமாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

அந்த மாதம்தான் தில்லைநாதன் வந்து சேர்ந்தான்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை, வயது இருபத்திரண்டு. கொழும்பில் ஒரு புடைவைக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவன். கப்பலில் வந்து இறங்கி, வற்றாப்பளைப் பக்கத்தில் வயல் செய்கிற சின்னம்மா அன்னபாக்கியத்தின் வீட்டுக்கு வந்திருந்தான். காலோடு ஒட்டிய நீளக் காற்சட்டை, கூர்மூக்குச் சப்பாத்து, பின்பக்கத்துப் பையில் சீப்பு. கொழும்புப் பெடியன்கள் ஆடுகிற றொக் ஆட்டத்தை, செட் கூடுகிற மதகடியில் நின்று ஆடிக்காட்டினான். மணியில்லாச் செட் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இவர்கள் படக்கொட்டகையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததெல்லாம் அவனிடம் புத்தம் புதிதாக, கொழும்புச் சரக்காக இருந்தது. ஒரு கிழமையில் எல்லாருடைய களிசானும் தையற்கடைக்குப் போய் ஒடுங்கி வந்தது. செட்டில் இருந்த வயற்காரன் மகன் வீரகத்தி ஒடுக்கின ஒடுக்கில் சைக்கிளில் ஏறமுடியாமல் இரண்டு தரம் விழுந்தான்.

தில்லைநாதனுக்கு முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. காதுக்கு மேலே ஒரு தழும்பு. அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. ஒரேயொரு நாள்தான் அவன் அதைச் சொன்னான்.

"றோட்டில மறிச்சாங்கள். ஒரு சிங்களப் பேப்பரைக் கையில தந்து வாசியடா எண்டாங்கள். எனக்கு வாசிக்கத் தெரியேல்லை. அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு உடைந்த பல்லை நாக்கால் தடவினான். அடிபட்டவனுக்குக் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அவனை அடித்தவர்கள் கொழும்பில் இருந்தார்கள், அவன் முல்லைத்தீவில் இருந்தான். கோபத்துக்கு எட்டின ஆளை அது தேடத் தொடங்கியது.

முதலில் தார் வாளியோடு போய் அரசாங்கப் பலகைகளில் சிங்கள எழுத்தை அழித்தார்கள். மத்தேயுவும் போனான், தார் பூசினான், சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு பேக்கரிப் பாண் விற்க வருகிற சிங்கள மனுசனின் கூடையைத் தட்டிவிட்டார்கள். அந்த மனுசன் மண்ணில் கிடந்த பாணை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டிக் கூடையில் போட்டதை மத்தேயு பார்த்துக்கொண்டு நின்றான். தில்லைநாதன் அவன் தோளில் கை போட்டான். "எங்கட ஆள்" என்றான். அந்தக் கை தோளில் இருந்தபோது மத்தேயுவுக்குப் பெருமையாக இருந்தது. எடுத்த பிறகு கண் மறுபடி பாண் கூடைக்குப் போனது.

மத்தேயுவின் தாய் சிங்களத்தி என்று தில்லைநாதனுக்குத் தெரியாது. செட்டில் மற்ற எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. மத்தேயு சொல்லவில்லை. மற்றவர்களும் மூச்சுக் காட்டவில்லை. காட்டிக்கொடுக்கவுமில்லை, அவனுக்காக வாய் திறக்கவுமில்லை. ஒவ்வொரு நாளும் மதகடிக்குப் போகும்போது இன்றைக்குத்தான் தெரியவரப்போகிறது என்று மத்தேயு சைக்கிளை மெல்ல மிதிப்பான். தெரிந்தால் செட் போச்சு. செட் போனால் அவனுக்கு இருக்கிறது ஒரு மணியில்லாத சைக்கிள் மட்டும்.

இன்னொரு சங்கதியும் இருந்தது. தாயின் தமையன், மாமா கபிரியேல், வருஷா வருஷம் பங்குனியில் லொறியில் கரைவலையும் இருபது ஆட்களுமாக வந்து இறங்குவார். கடற்கரை மணலில் தென்னோலையால் வாடி போட்டுத் தங்கி, புரட்டாதி வரை வலை இழுப்பார். தகப்பன் செத்த பிறகு மத்தேயு வீட்டுச் சட்டியில் வெந்ததெல்லாம் அந்த வலையில் வந்தது. கலவரத்தோடு பதினைந்து ஆட்கள் பயந்துபோய் லொறியேறிவிட்டார்கள். கபிரியேல் போகவில்லை. அவ்வளவு பெரிய வலையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டா போவது? ஐந்து பேரை வைத்துக்கொண்டு நின்றார். முன்பென்றால் ஆள் குறைந்தால் ஊர்ப் பெடியன்கள் வந்து கயிற்றில் கைவைப்பார்கள். இந்த வருஷம் ஒருவரும் வாடிப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மார்கிறட்கூடச் சோற்றுப் பெட்டியை மகனிடம் கொடுத்துவிட்டாளே ஒழிய, தான் போகவில்லை.

ஆடி மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் தில்லைநாதன் மத்தேயுவைக் கூப்பிட்டான்.

"நீ கடற்கரைப் பெடியன். உந்தக் கரைவலை எப்பிடியடா இழுக்கிறது?"

கேட்டது தில்லையண்ணை. கேட்டது தன்னிடம். மத்தேயு குந்தி இருந்து ஈர்க்கால் மண்ணில் கீறியே காட்டிவிட்டான். தோணி இங்கிருந்து வெளிக்கிடும், இப்படி வளைத்து வலையைப் போடும், ஒரு கயிறு தெற்கே கரைக்கு வரும், மற்றக் கயிறு வடக்கே, இரண்டு பக்கமும் ஒரே கதியில் இழுக்கவேண்டும்.

"ஒரு கயிறு அறுந்தால்?"

"அறுந்தால் வலை சரி, அண்ணை. நீரோட்டம் வாரிக்கொண்டு போயிடும். பிறகு துண்டு துண்டாத்தான் கரைக்கு வரும்."

பெரிய கெட்டிக்காரன் மாதிரிச் சொல்லி முடித்தான். தில்லைநாதன் மண்ணில் கிடந்த கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப ஒருத்தரையும் அடிக்கத் தேவையில்லை. கயித்தை வெட்டினால் காணும். வலை போனால் அவங்களும் போவாங்கள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பின்னேரம் போவம். நீதான் வெட்டவேணும், மத்தேயு. உனக்குத்தான் இடம் தெரியும்."

அவன் இடுப்பிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்து மத்தேயுவின் கையில் வைத்தான். மற்ற நாலு பேரும் மத்தேயுவைப் பார்த்தார்கள். அவன் அவர்களைப் பார்த்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இராயப்பு சைக்கிள் சில்லைச் சுழற்றிவிட்டு அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான், உலகத்திலே அதைவிட்டால் வேறு வேலை இல்லாதவன் மாதிரி. கத்தியைத் திருப்பிக் கொடுக்கத்தான் மத்தேயு நினைத்தான். ஆனால் வாய் சொன்னது, "ஓம், அண்ணை."

அன்று பொழுது சாய முன்பு சோற்றுப் பெட்டியோடு வாடிக்குப் போனான். மாமா வாசலில் இருந்து கிழிந்த வலைக்கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயது மனுசன். கழுத்தில் செபமாலை, வாயில் சுருட்டு.

"மாமா, நாளைக்கு வலை போடாதேங்கோ" என்றான் தமிழில், மெல்ல.

கபிரியேல் தமிழ் பேசுவார். வருஷத்தில் ஆறு மாதம் பேசி வந்த தமிழ். சொற்கள் சரி, வால்தான் எங்கேயாவது கழன்று கிடக்கும்.

"ஏன்? பார், சூடை மீன் கறுப்பாத் தெரியுது. ரெண்டு நாளா கரைக்கிட்ட நிக்குது. நாளைக்குப் போடாம எப்பப் போடுறது?"

"ஆக்கள் காணாதெல்லோ."

"காணாதுதான். என்ன செய்றது? மாதா இருக்குது." சிரித்துவிட்டு, சோற்றுப் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்தார். "தங்கச்சி ஏன் வாறதில்ல?"

களிசான் பைக்குள் கத்தி தொடையில் முட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து சொல்லிவிட ஒரு நொடி போதும். சொன்னால் மாமா தப்புவார், அவன் செட்டைக் காட்டிக்கொடுத்தவன் ஆவான். சொல்லாவிட்டால் அவன் மாமாவைக் காட்டிக்கொடுத்தவன். அவன் வெறும் பெட்டிக்காகக் காத்திருந்து, வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிபோல ஆறு சைக்கிள்கள் கடற்கரைக்குப் போயின. சோளகக் காற்று முதுகில் அடித்தது. தாழம்பற்றை ஓரத்தில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மணலில் இறங்கினார்கள். முன்னுக்குத் தில்லைநாதன், கூர்மூக்குச் சப்பாத்துக்குள் மணல் ஏற ஏற உதறிக்கொண்டு நடந்தான். பக்கத்தில் கத்தியோடு மத்தேயு. வழக்கமாகப் போடுகிற விசிலை அன்று ஒருவரும் போடவில்லை.

வலை கடலுக்குள் நின்றது. வடக்குக் கயிற்றில் மூன்று பேர். தெற்குக் கயிற்றில் கபிரியேலும் இன்னும் இரண்டு பேரும். ஒவ்வொரு பக்கமும் பத்துப் பேர் பிடிக்கவேண்டிய கயிறு. மீன் நிறைந்துவிட்டது. வலையில் மீன் அடைகிற மடி இருக்கிற இடத்தில் கடல் கொதிக்கிற சோற்றுப்பானை மாதிரித் துள்ளியது. நீரோட்டம் அதைத் தெற்கே இழுத்தது. கபிரியேல் கயிற்றை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் சாய்ந்திருந்தார். குதிக்கால் இரண்டும் மணலை உழுதுகொண்டு கடல் பக்கமாகப் போயின. அவர் இழுக்கவில்லை. கயிறுதான் அவரை இழுத்தது.

"இப்ப வெட்டு" என்றான் தில்லைநாதன்.

மத்தேயு கத்தியை விரித்தான். கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததல்ல, கோயிலில் பிரசங்கம் பண்ணினதுமல்ல. வலை கடலில் நின்று ஆள் போதாமல் கயிறு நழுவினால், கரையால் போகிறவன் யாராக இருந்தாலும் கைவைப்பான். சண்டைக்காரன் வலையென்றாலும் வைப்பான். சண்டையைப் பிறகு பிடிப்பான். அங்கே பிறந்த பிள்ளைக்கு நடை பழகுகிற காலத்திலேயே அந்தப் பழக்கம் உடம்பில் ஏறிவிடும். கயிறு நழுவுவதைக் கண்டால் கை தானாகப் போகும்.

இராயப்புவின் கை போனது.

என்ன செய்கிறோம் என்று அவன் யோசித்திருக்க நியாயமில்லை. "எட, வலை போகுது!" என்று ஒரு கத்துக் கத்தினான். கழுத்து லேஞ்சியை இழுத்தெறிந்துவிட்டு ஓடிப்போய் கபிரியேலுக்கு முன்னால் தண்ணீருக்குள் பாய்ந்து கயிற்றைப் பற்றினான். அவனுக்குப் பின்னால் செட்டிலிருந்த மற்ற இரண்டு கடற்கரைப் பெடியன்களும் வடக்குக் கயிற்றுக்கு ஓடினார்கள். வயற்காரன் மகன் வீரகத்தி ஒரு கணம் முழித்தான். வெட்ட வந்தோமா இழுக்க வந்தோமா என்று அவனுக்கு விளங்கவில்லை. எல்லாரும் ஓடுகிறார்களே என்று அவனும் தெற்குக் கயிற்றுக்கு ஓடினான். ஒடுங்கிய களிசான் முதல் எட்டிலேயே பின்பக்கம் பிரிந்தது.

கபிரியேல் திரும்பிப் பார்த்தார். விரித்த கத்தியோடு மருமகன் நிற்பதைக் கண்டார். கண்டும் அதைப்பற்றி யோசிக்க அவருக்கு நேரமில்லை. அவசரத்தில் தமிழ் எல்லாம் பறந்துவிட்டது.

"மத்தேயு! அல்லபங் புத்தே, அல்லபங்!"

பிடியடா மகனே, பிடி என்று அவர் கத்தினார்.

"எனவா மாமே!" என்றது மத்தேயுவின் வாய்.

வாறன் மாமா என்று அவன் சொன்னது சிங்களம். மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருந்த பாஷை, தில்லைநாதனுக்கு ஒரு முழம் பக்கத்தில், உரத்த குரலில், வெளியே வந்து விழுந்தது. மத்தேயுவுக்கு அது கேட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் தெரிந்தது. கத்தியை மணலில் போட்டுவிட்டு ஓடினான். மாமாவுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக் குதிக்காலை ஊன்றினான். கயிறு நின்றது.

பிறகு ஒரு மணித்தியாலம் இழுத்தார்கள். கபிரியேல் சிங்களத்தில் குரல் கொடுத்தார், இராயப்பு தமிழில் ஏலேலோ போட்டான். கயிறு இரண்டுக்கும் வந்தது. மத்தேயு ஒருதரமும் திரும்பவில்லை. திரும்பப் பயம். முதுகில் தில்லைநாதனின் பார்வை குத்திக்கொண்டே இருந்தது. சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டானா, நிற்கிறானா? நிற்கிறான் என்றால் அந்தக் கத்தி எங்கே?

பக்கத்தில் மணல் நெரிபட்டது. கடைக்கண்ணில் கூர்மூக்குச் சப்பாத்துத் தெரிந்தது. தில்லைநாதன் கயிற்றடிக்கு வந்து நின்றான். கத்தி அவன் கையில் இருந்தது, விரித்தபடியே. விறைத்து நின்ற கயிற்றில் அதை ஒருதரம் வைத்தால் போதும்.

ஒருவரும் கயிற்றை விடவில்லை, விடவும் ஏலாது. மத்தேயு கண்ணை மூடிக்கொண்டான்.

இராயப்பு முன்னால் நின்று, திரும்பாமல், இழுப்பையும் நிறுத்தாமல் சொன்னான்.

"தில்லையண்ணை, வெட்டுறதெண்டால் சொல்லிப்போட்டு வெட்டுங்கோ. இல்லாட்டி எல்லாரும் பிடரியடிபட விழுவம். வீரகத்தி வேறை பின்பக்கம் திறந்தபடி நிக்கிறான்."

வீரகத்தி, "சும்மா இரடா" என்றான். யாரோ மூக்கால் சிரித்தார்கள். சிரித்தது மாமாவின் ஆள் ஒருவன். தமிழ் விளங்கியதோ இல்லையோ, வீரகத்தியின் களிசான் அவனுக்கு நேரே முன்னால்தான் இருந்தது. ஒருவன் சிரிக்க மற்றவனுக்கும் வந்தது. கயிறு அந்தச் சிரிப்பில் ஒருதரம் நழுவி மறுபடி நின்றது.

தில்லைநாதன் சிரிக்கவில்லை. ஆனால் வெட்டவுமில்லை. கயிற்றைப் பார்த்தான், கயிற்றில் வரிசையாக இருந்த கைகளைப் பார்த்தான். எது தமிழன் கை, எது மற்றவன் கை என்று பிரித்துக்கொண்டு வெட்டமுடியாது. கொஞ்சநேரம் அப்படியே நின்றுவிட்டு, கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, போய் வாடி நிழலில் குந்தினான். கத்தி மடங்கிய 'டக்' என்ற சத்தம் மத்தேயுவுக்குக் கேட்டது. போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் திறந்தான்.

மடி கரைக்கு ஏறியபோது சூடை மீன் வெள்ளியைக் கொட்டினதுபோலக் கிடந்தது. நடுவிலே நாலைந்து பாரையும் அடித்துத் துள்ளின. கபிரியேல் மணலில் முழந்தாளிட்டுச் சிலுவை போட்டார். எழும்பி, ஆள் ஆளுக்கு மீனைக் குவித்துக் கும்பம் வைத்தார். கைவைத்த எல்லாருக்கும் பங்கு. மத்தேயுவின் கும்பத்தை வைக்கும்போது அவனை நிமிர்ந்து பார்த்தார். கத்தியைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கன்னத்தில் ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் உறைப்பாகவே தட்டினார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது என்று அந்தத் தட்டில் மத்தேயு கண்டுகொண்டான். அவன் கண் நிறைந்தது.

பிறகு கபிரியேல் ஒரு பாரையைச் செவுளில் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாடி நிழலுக்குப் போனார். எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தில்லைநாதன் எழும்பினான்.

"தம்பி கயிறு புடிக்கல்ல. ஆனா நிண்டது" என்றார் கபிரியேல். "வலை வாற வரைக்கும் நிண்ட ஆளுக்குக் கறிக்கு மீன் குடுக்கிறது. இங்க அப்படித்தான். இந்தாங்க."

பாரை இருவருக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு வாலை அடித்தது. தில்லைநாதனின் முகம் சிவந்தது, வெளிறியது. இப்போது என்ன நடக்கப்போகிறதோ என்று இராயப்பு இரண்டு எட்டு முன்னால் வைத்தான்.

"எனக்கு வேண்டாம்" என்றான் தில்லைநாதன்.

"ஏன்?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போனது. சொல்ல வந்தது வேறு ஏதோ. அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் வெளியே வந்தது இதுதான்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் மச்சம் தொடமாட்டன்."

கபிரியேல் மீனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மிகவும் கவனமாக யோசித்தார். தெரிந்த சைவ ஆட்கள் அவருக்கு எத்தனையோ பேர்.

"அது சரிதானே. வெள்ளிக்கிழமை குடுத்தது என் பிழை. அப்ப உப்புப் போட்டு வைக்கிறது. ஞாயித்துக்கிழமை வந்து கருவாடா எடுங்க."

இராயப்புவுக்கு அடக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டான். வீரகத்தி சிரித்தான், மாமாவின் ஆட்கள் சிரித்தார்கள். மத்தேயு சிரித்துக்கொண்டே அழுதான். தில்லைநாதன் மட்டும் சிரிக்காமல், தலையை ஒருதரம் ஆட்டினான். ஓம் என்றா, இல்லை என்றா என்று சொல்ல முடியாத ஆட்டம். திரும்பித் தாழம்பற்றைக்கு நடந்தான்.

மத்தேயு பின்னால் ஓடினான். சைக்கிளடியில் பிடித்தான்.

"அண்ணை."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"பயத்தில."

"அவங்களுக்கெல்லாம் தெரியுமோ?"

"ஓம். ஊருக்கே தெரியும்."

தில்லைநாதன் சப்பாத்தைக் கழற்றி மணலைக் கொட்டினான். கொட்டிக்கொண்டே, குனிந்தபடியே சொன்னான்.

"சொல்லியிருந்தால் அடிச்சிருப்பன்."

"தெரியும், அண்ணை."

"இப்பவும் எனக்கு மனம் ஆறேல்லை. அதையும் தெரிஞ்சுகொள்."

"ஓம்."

சப்பாத்தை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினான். ஏறினவன் ஒரு காலை நிலத்தில் ஊன்றி, திரும்பாமலே, "கொம்மா தனியவோ வீட்டில?" என்று கேட்டான். "ஓம்" என்றான் மத்தேயு. "அப்ப நேரத்தோடை போ" என்றுவிட்டு மிதித்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை அவன் கருவாட்டுக்கு வரவில்லை. புதன்கிழமை வந்து, வாங்கி, கைப்பிடியில் கொளுவிக்கொண்டு போனான். சின்னம்மா அன்னபாக்கியம் அதைப் பொரித்துக் கொடுத்ததாகப் பின்னால் கேள்வி.

வலை இழுத்த அந்த வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்பு மத்தேயு மீனோடு வீட்டுக்குப் போனான். தனியே போகவில்லை. இராயப்புவும் வீரகத்தியும் மற்ற இரண்டு பேரும் ஆளுக்கொரு மீன் கோர்வையோடு அவனுக்குப் பக்கத்தில் வந்தார்கள். ஒருவரும் அவனிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வயதில் பெடியன்களுக்கு அதெல்லாம் தெரியாது. ஒழுங்கை முகப்பில் வந்ததும் இராயப்பு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தான். நாலு பேரும் சேர்ந்து அடித்தார்கள்.

விசில் கேட்டு மார்கிறட் வெளியே வந்தாள். ஐந்து பேர் கூட்டமாக வருவதைக் கண்டதும் அவள் முகம் இருண்டது. ஏதோ கேடு வந்துவிட்டது என்று நினைத்தாள். மூன்று மாதமாக அவள் காத்துக்கொண்டிருந்த கேடு. படலையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, "என்ன தம்பிமார்? என்ன வேணும்?" என்றாள்.

மத்தேயு ஒழுங்கை நடுவில் நின்றான். எதிர்வீட்டு ஆட்கள் வாசலில் இருந்தார்கள், கிணற்றடியில் பெண்கள் நின்றார்கள். அவன் குரலைக் குறைக்கவில்லை.

"அம்மே, மட்ட படகினி!" என்றான்.

பசிக்கிறது என்று சிங்களத்தில் சொன்னான். மார்கிறட்டின் விரல் உதட்டுக்குப் போனது. கண் ஒழுங்கைப் பக்கம் ஓடியது. எதிர்வீட்டு ஆட்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கிணற்றடியில் வாளி வழக்கம்போல ஏறி இறங்கியது. இராயப்பு மீன் கோர்வையைப் படலைக்கு மேலால் நீட்டினான்.

"எங்களுக்கும் பசிக்குது, மாமி. உங்கட அண்ணர் தந்துவிட்டவர். அந்த அம்புல்தியல் வையுங்கோவன்."

அவள் கோர்வையை வாங்கினாள். மீனைப் பார்த்தாள், பெடியன்களைப் பார்த்தாள், பிறகு மகனை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கி, முழங்காலில் கிழிந்து, செதில் ஒட்டிக் கிடந்தது தையற்கடையில் ஒடுக்கின அந்தப் புதுக் களிசான். விரல் உதட்டிலிருந்து இறங்கியது.

பிறகு ஏசத் தொடங்கினாள். சிங்களத்தில், வாய்நிறைய, ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி ஏசினாள். அவன் களிசானை ஏசினாள், தையற்காரனை ஏசினாள், செத்துப்போன புருஷனையும் ஒரு பிடி பிடித்தாள். நடுவில் மூச்சு வாங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மத்தேயு தலையைக் குனிந்துகொண்டு நின்று, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் நிறுத்திவிடக்கூடாதே என்றிருந்தது அவனுக்கு.